பேரரசரின் அங்கி நெய்யப்பட்ட ஊர்கள்

செவ்வாய், டிங்லிங்

பெய்ஜிங் நகருக்கு வடமேற்கே, மலைகள் அரைவட்டமாகச் சூழ்ந்த சாங்பிங் பகுதியில், மிங் வம்சத்துப் பேரரசர்கள் பதின்மூவரின் கல்லறைகள் இருக்கின்றன. அவற்றுள் முறையாக அகழ்ந்து திறக்கப்பட்டது டிங்லிங் ஒன்றுதான். 1572 முதல் 1620 வரை ஆண்ட வான்லி பேரரசரும் அவருடைய பேரரசியர் இருவரும் இங்கே அடக்கம் செய்யப்பட்டிருந்தனர். சீன அரசவை உடைகளையும் துணிகளையும் பார்ப்பதற்கென்றே வகுத்துக்கொண்ட இந்தப் பயணத்தை அரண்மனையில் தொடங்காமல் கல்லறையில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. மிங் பேரரசர் ஒருவரின் உடைகள் ஒரு தொகுதியாக மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த ஒரே இடம் இதுதான்.

தரைமட்டத்திலிருந்து 27 மீட்டர் ஆழத்தில் கல்லால் கட்டிய ஐந்து மண்டபங்கள் இருக்கின்றன. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளிர் எலும்பைத் தொடுகிறது. 1956-இல் தொடங்கி 1958 வரை நடந்த அகழ்வில் தங்கக் கிரீடமும் மணிகள் பதித்த பேரரசியர் மகுடங்களும் கிடைத்ததை அனைவரும் அறிவர். எனக்கு அவற்றைவிடப் பெரிதாகத் தோன்றியது சவப்பெட்டிகளுக்குள் அடுக்கி வைக்கப்பட்டிருந்த நூற்றுக்கு மேற்பட்ட பட்டுச் சுருள்கள்தான். பல சுருள்களில் காகிதப் பட்டை ஒன்று சுற்றப்பட்டிருந்தது. துணியின் பெயர், நெய்த ஊர், நீளம், ஆண்டு, மாதம் ஆகியவற்றோடு நெய்த கைவினைஞரின் பெயரும் அந்தப் பட்டைகளில் எழுதப்பட்டிருந்தது. பேரரசரின் உடலுக்கு அருகே, முந்நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, நெசவாளர்களின் பெயர்களும் கிடந்திருக்கின்றன.

அந்தப் பட்டின் கதி துயரமானது. மூடிய இருளில் நிறம் மாறாமல் இருந்த துணிகள், காற்றும் வெளிச்சமும் பட்டதும் கறுத்து விறைத்துப் போயின. அவற்றைக் காப்பாற்றும் அறிவியலும் வசதியும் அன்று போதவில்லை. காக்கவென்று பூசிய வேதிப்பொருள்களே சிலவற்றைக் கெடுத்தன. 1966-இல், பண்பாட்டுப் புரட்சியின் கொந்தளிப்பில், பேரரசர், பேரரசியரின் எலும்புகளும் எரிக்கப்பட்டன. அழிவின் அபாயத்தில் இருந்தாலன்றி எந்தப் பேரரசரின் கல்லறையையும் திறப்பதில்லை என்று சீனா இன்றும் உறுதியாக நிற்பதற்கு டிங்லிங்கின் அனுபவமே முதன்மையான காரணம். இந்த முடிவை நான் முழுமனதாக ஏற்கிறேன். திறந்து பார்க்கும் ஆவலைவிடக் காத்திருக்கும் பொறுமையே பட்டுக்கு நன்மை செய்யும்.

மேலே காட்சிக் கூடத்தில் இருக்கும் ஆடைகளில் பெரும்பாலானவை படியெடுத்து நெய்தவை. படிதானே என்று சிலர் கடந்து போனார்கள். நான் வெகுநேரம் நின்றேன். பேரரசி சியாவ்ஜிங்கின் சிவந்த மேலாடையில், விளையாடும் நூறு சிறுவர்கள் ஊசித் தையலில் உயிரோடு ஓடுகின்றனர். ஒருவன் பட்டம் விடுகிறான், ஒருவன் மீனோடு மல்லாடுகிறான். பன்னிரண்டு வட்ட டிராகன்களும் அரசாட்சியின் பன்னிரண்டு சின்னங்களும் கொண்ட வான்லியின் வேள்வி அங்கி, 'கெஸி' என்னும் மிக மெதுவான நெசவில் ஆனது. மயில் தோகையை நூலாக்கிச் சரிகையோடு சேர்த்து நெய்த மற்றோர் அங்கியை, மூலத் துணியை இழை இழையாக ஆராய்ந்து, 1980-களில் நான்ஜிங் நெசவாளர்கள் மீண்டும் நெய்தனர். மூலம் கறுத்துவிட்டதால், வான்லி காலத்து நிறங்கள் எப்படி இருந்திருக்கும் என்பதை இந்தப் படியிலிருந்துதான் நாம் கண்ணால் அறிய முடிகிறது.

புதன், அரண்மனை அருங்காட்சியகம்

மிங் ஆட்சி 1644-இல் வீழ்ந்து மஞ்சுக்களின் சிங் வம்சம் பெய்ஜிங்கைக் கைப்பற்றியபோது உடையும் மாறியது. அகன்ற கைகள் போய், குதிரையேறுபவர்களுக்கு உகந்த ஒடுங்கிய கைகளும், குளம்பின் வடிவில் விரிந்து புறங்கையை மூடும் மணிக்கட்டும், சேணத்தில் அமர வசதியாகக் கீழே பிளவுகளும் வந்தன. பேரரசரின் அங்கிக்கு நான்கு பிளவுகள், அரச குடும்பத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கு இரண்டு. புல்வெளியில் பிறந்த இந்த உடையமைப்பை இருநூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் பெருநகர அரண்மனையில் விடாமல் காத்தது, தாங்கள் யார் என்பதை மறவாதிருக்க அவர்கள் எடுத்த முயற்சியே.

மங்கிய ஒளியில் கண்ணாடிக்குப் பின்னே நிற்கும் மஞ்சள் அங்கியின் முன் கூட்டம் நெருக்கியது. அதைப் பேரரசரின் தலையாய உடை என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் இந்த டிராகன் அங்கி பிறந்தநாள், விருந்து போன்ற விழாக்களுக்கு உரியது. அரியணையில் அமரும் பெருநாள்களுக்கும் வழிபாடுகளுக்கும் உரியது, இடுப்புக்குக் கீழே மடிப்பு மடிப்பாக விரியும் பாவாடை அமைப்புக் கொண்ட வேறோர் அங்கி. அதிலும் இடத்துக்கு ஏற்ப நிறம் மாறும். விண்ணுலகக் கோயிலில் வழிபட நீலம், சூரியன் பலிபீடத்தில் சிவப்பு, சந்திரன் பலிபீடத்தில் நிலவொளி போன்ற வெளிர்நீலம், மற்ற வேளைகளில் பளிச்சென்ற மஞ்சள். மஞ்சளுக்குள்ளும் படிகள் உண்டு. பட்டத்து இளவரசருக்கு ஆப்ரிகாட் பழத்தின் மஞ்சள், பேரரசரின் மற்ற மைந்தர்களுக்குப் பொன் மஞ்சள் என்று விதித்திருந்தனர். பேரரசர் சியான்லாங் 1759-இல் தொகுக்கச் செய்த சடங்குப் பொருள்களின் படத்தொகுப்பு, யார் எந்த நிறத்தில் எத்தனை டிராகன்களோடு எந்தத் தொப்பியோடு வர வேண்டும் என்பதையெல்லாம் ஓவியத்தோடு வரையறுத்துவிட்டது.

டிராகன்களின் எண்ணிக்கையில் ஒரு நுட்பம் இருக்கிறது. மார்பில் ஒன்று, முதுகில் ஒன்று, தோள்களில் இரண்டு, முன்புறக் கீழ்ப்பகுதியில் இரண்டு, பின்புறம் இரண்டு என எட்டுத்தான் கண்ணுக்குத் தெரியும். ஒன்பதாவது, வலப்பக்கமாக மடித்துப் பொத்தானிடும் மேல்மடிப்புக்கு உள்ளே மறைந்திருக்கிறது. எதிரே நின்று பார்ப்பவர் தோள்களில் உள்ளவற்றையும் சேர்த்து ஐந்தைக் காண்பார், பின்னால் நிற்பவரும் ஐந்தையே காண்பார். ஒன்பதும் ஐந்தும் சேர்ந்தால் பேரரசரைக் குறிக்கும் என்பது சீன மரபு. இடத் தோளில் சூரியன், வலத் தோளில் முயலோடு கூடிய சந்திரன், கீழ் விளிம்பில் சாய்கோடுகளாக ஆழ்கடல், அதன்மேல் அலைகள், அலைகளிலிருந்து எழும் மலை. அங்கியை அணிந்தவர் நிற்கும்போது உலகத்தின் நடுவே ஓர் ஆள் நிற்பதைப் போன்ற ஏற்பாடு. தலை மட்டும் துணிக்கு வெளியே இருக்கிறது.

இவ்வளவும் மூளையால் வகுத்தது. எங்கே, எவர் கையால் நெய்தது என்ற கேள்விக்குக் கண்ணாடிக்கு அருகே இருந்த சிறு குறிப்பில் விடை இல்லை. அரண்மனை ஓவியர்கள் தீட்டிய மாதிரியைப் பேரரசர் பார்த்து ஒப்புதல் அளித்த பிறகு, அது தெற்கே யாங்சி ஆற்றுப் பகுதிக்கு அனுப்பப்படும். அங்கே நான்ஜிங், சூசோ, ஹாங்சோ ஆகிய மூன்று ஊர்களில் இருந்த அரசு நெசவு நிலையங்கள் துணியாக்கித் திருப்பி அனுப்பும். நாளை முதல் அந்த மூன்று ஊர்கள்.

வியாழன், வழியில்

அதிவிரைவு ரயில் பெய்ஜிங்கிலிருந்து நான்ஜிங்குக்கு ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரை நான்கு மணி நேரத்துக்குள் கடந்துவிட்டது. அங்கித் துணிகள் சென்ற பெருங்கால்வாய், பெய்ஜிங்குக்கும் ஹாங்சோவுக்கும் இடையே ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் நீளமுள்ளது. 2014-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. நெல்லும் பட்டும் வடக்கே போக, ஆணைகளும் ஓவிய மாதிரிகளும் தெற்கே வந்தன. இன்று எழுத வேறொன்றும் இல்லை.

வெள்ளி, நான்ஜிங்

யுன்ஜின் என்னும் நான்ஜிங் சரிகைப் பட்டுக்கெனத் தனி அருங்காட்சியகம் நகரின் மேற்குப் பகுதியில் இருக்கிறது. 2009-இல் யுனெஸ்கோவின் மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்ற கலை இது. மேல்தளத்தில் பழைய துணிகளும் படியெடுத்த அங்கிகளும் இருக்கின்றன. நான் பெரும்பகுதி நேரத்தைக் கழித்தது தறிகள் ஓடும் கூடத்தில்.

தறி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் உயரமும் உடையது. கூரையை எட்டும் மரக்கோபுரத்தின் உச்சியில் ஒருவர் அமர்ந்திருக்கிறார், கீழே, நீளவாக்கில் ஓடும் இழைகளான பாவின் முன்னால் மற்றொருவர். மேலே இருப்பவர் வடிவத்துக்குரிய கயிறுகளை வரிசைப்படி இழுத்துக் குறிப்பிட்ட பாவு இழைகளை மட்டும் உயர்த்திப் பிடிக்கிறார். கீழே இருப்பவர் உயர்ந்த இழைகளுக்கு இடையே நாடாவை ஓட்டி, பூவின் ஒவ்வொரு பகுதிக்கும் அதற்குரிய நிறத்துக் குறுக்கிழையை, அதாவது ஊடையை, சிறு குச்சிகளிலிருந்து கையால் நுழைத்து அடிக்கிறார். ஒரு பூ சிவப்பாகவும் அதே வரிசையில் அடுத்த பூ பச்சையாகவும் அமைவது இந்தக் கையால் நுழைக்கும் முறையால்தான், இயந்திரத் தறி இதற்கு இன்னும் ஈடாகவில்லை. இருவரும் பேசிக்கொள்வது குறைவு. கயிறு இழுபடும் ஓசையிலும் மிதிக்கட்டையின் அசைவிலும் ஒருவர் கையை மற்றவர் அறிந்துகொள்கின்றனர். ஒரு நாள் முழுதும் உழைத்தால் ஐந்து அல்லது ஆறு சென்டிமீட்டர் துணி வளரும்.

வடிவம் எங்கே இருக்கிறது என்று உடன் வந்த தோழி வழியாகக் கேட்டபோது, நெசவாளர் தலைக்கு மேலே தொங்கிய நூல் தொகுதியைக் காட்டினார். ஓவியத்தைக் கட்டம் கட்டமாக எண்ணி, எந்த ஊடைக்கு எந்தப் பாவு எழ வேண்டும் என்பதை நூல்களைக் கோத்து முடிச்சிட்டுப் பதிந்து வைக்கின்றனர். முடிச்சுத் தொகுதி இருக்கும்வரை, முதலில் தீட்டியவர் மறைந்த பிறகும் அதே டிராகனை மீண்டும் மீண்டும் நெய்யலாம். காஞ்சிபுரத்தில் 'அடை' முறையில் நெய்தவர்களும் கரையின் வடிவத்தை இப்படித்தான் நூல் கட்டில் சேமித்தனர், ஒருவர் நெய்ய மற்றொருவர் அடை தூக்கினார். துளையிட்ட அட்டைகளால் வடிவத்தை இயக்கும் ஜக்கார்டு பெட்டி வந்த பிறகு அது அருகிவிட்டது. அந்த அறிவு இங்கே இன்னும் ஆட்களின் கையில் இருப்பதைக் கண்டு மகிழ்ந்தேன்.

பொன்னிழையும் மயிலிழையும் தனியே செய்யப்படுகின்றன. அடித்து மெல்லியதாக்கிய தங்கத் தாளைக் காகிதத்தில் ஒட்டி, மயிரிழை அகலத்தில் நறுக்கி, அப்படியே தட்டையாகவோ பட்டு நூலின்மேல் சுற்றியோ பயன்படுத்துகின்றனர். மயில் தோகையின் இழைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டோடு முறுக்கி நீட்டுகின்றனர். அந்தத் துணியை ஒரு பக்கமிருந்து பார்த்தால் பச்சை, இரண்டடி நகர்ந்து பார்த்தால் நீலம், இன்னும் நகர்ந்தால் செம்பொன். டிங்லிங்கில் அசையாமல் கண்ட அங்கி, அணிந்தவர் நடந்தபோது எப்படி உயிர் பெற்றிருக்கும் என்பது இந்தக் கூடத்தில்தான் விளங்கியது.

மாலையில் நகரின் நடுவே, பழைய அரசு நெசவு நிலையம் இருந்த வட்டாரத்தில் 2013-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்துக்குச் சென்றோம். 1663 முதல் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் சாவோ குடும்பத்தவர் நான்ஜிங் நெசவு நிலையத்தின் ஆணையர்களாக இருந்தனர். காங்சி பேரரசர் தெற்கே மேற்கொண்ட ஆறு பயணங்களுள் நான்கில் அவரை வரவேற்று உபசரித்தவர் சாவோ யின். சீன மொழியின் தலைசிறந்த நாவலாசிரியர் ஒருவர் இந்தக் குடும்பத்தின் வழித்தோன்றல் என்பதால் அருங்காட்சியகத்தின் பெரும்பகுதி அவரையே போற்றுகிறது. என் மனம் நின்றது வேறோர் ஆவணத்தில். 1727-இல் யோங்செங் பேரரசர், தாம் அணிந்த கருநீல மேலங்கி சாயம் போவதைக் கண்டு விசாரிக்க ஆணையிட்டார். துணி நான்ஜிங்கில் நெய்தது என்று தெரிந்ததும், ஆணையர் சாவோ ஃபூவின் ஓராண்டு ஊதியம் பிடிக்கப்பட்டது. சீன நாள்காட்டியின்படி அந்த ஆண்டு முடிவதற்குள் பதவியும் பறிபோயிற்று, சொத்துக்களும் பறிமுதலாயின. குடும்பத்தின் வீழ்ச்சிக்குக் கடன்களும் அரசியலும் காரணங்களாக இருந்தன, ஆயினும் சாயம் போன துணி பேரரசரின் கவனத்தில் எவ்வளவு பெரிய குற்றம் என்பதை இது காட்டுகிறது. சாயத் தொட்டியில் கைவைத்து நின்ற தொழிலாளிக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பற்றி ஆவணம் வாய் திறக்கவில்லை.

சிங் காலத்துப் பட்டுச் சுருள்களின் தொடக்கத்தில், துணியிலேயே எழுத்தாக நெய்யப்பட்ட பெயர் ஒன்று இருக்கும். அது அந்தந்த நெசவு நிலைய ஆணையரின் பெயர். மிங் காலத்துக் காகிதப் பட்டையில் நெசவாளரின் பெயர் இருந்தது, சிங் காலத்துத் துணியில் அதிகாரியின் பெயர் இருக்கிறது. தரத்துக்குப் பொறுப்பேற்க வைக்கவே இரண்டும் எழுதப்பட்டன என்பதை அறிவேன். ஆனாலும் தன் கையால் அதிகாரியின் பெயரை நெய்த மனிதரை நினைத்து என் மனம் வருந்தியது.

சனி, சூசோ

வடகோயில் கோபுரத்துக்கு அருகே உள்ள சூசோ பட்டு அருங்காட்சியகத்தில் கெஸித் தறியைக் கண்டதும், நேற்றைய மாபெரும் தறிக்குப் பிறகு, இவ்வளவுதானா என்று தோன்றும். இடுப்பளவு உயரமுள்ள எளிய மரச்சட்டம், இரண்டு மிதிக்கட்டைகள். அலங்காரம் முழுவதும் நெசவாளரின் விரல்களில்தான். பாவுக்கு அடியில் ஓவியத்தை வைத்து அதன் கோடுகளைத் தூரிகையால் பாவின்மேலேயே வரைந்துகொள்கின்றனர். பிறகு படகு வடிவச் சிறு நாடாக்கள் பலவற்றை, நிறத்துக்கு ஒன்றாக, அந்தந்த நிறம் வேண்டிய எல்லைக்குள் மட்டும் ஓட்டித் திருப்புகின்றனர். பாவு முழு நீளத்துக்கும் ஓட, ஊடை மட்டும் நிறந்தோறும் அறுபடுகிறது. இரு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் மெல்லிய பிளவு விழும். துணியை வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பிளவுகள், உளியால் செதுக்கியது போன்ற கோடுகளாகத் தெரிகின்றன. முன்னும் பின்னும் ஒரே ஓவியம். தென் சோங் வம்சத்தின் காலத்திலேயே (1127–1279) சூ கெரோ என்ற பெண் நெசவாளர் கெஸியில் நெய்த பூக்களும் பறவைகளும் ஓவியத்துக்கு நிகராக மதிக்கப்பட்டன. அவர் தம் படைப்புகளில் தம் பெயரையே நெய்தார், அவற்றுள் சில இன்றும் காக்கப்பட்டு வருகின்றன.

சிங் காலத்துச் சூசோ நெசவு நிலையம் இருந்த இடத்தில் இப்போது பள்ளி ஒன்று நடக்கிறது. பழைய வாயிலும், ருய்யுன் என்ற பெயருடைய துளைகள் நிறைந்த பெரும்பாறையும் அங்கே எஞ்சியுள்ளன.

பிற்பகலில் ஷான்தாங் கால்வாய்த் தெருவில் நடந்து ஒரு கல்லறையைத் தேடிப் போனேன். இதைப் பட்டுப் பயணத்தில் சேர்க்காமல் விட எனக்கு மனம் வரவில்லை. வான்லி பேரரசரின் ஆட்சியில், 1601-ஆம் ஆண்டு, நெசவையும் வரியையும் மேற்பார்த்த அரண்மனை அலுவலர் சுன் லோங் என்பவர் சூசோவின் தறிகளுக்குப் புதிய வரி விதித்தார். வரியைத் தாங்க முடியாமல் தறிகள் நின்றன, கூலிக்கு நெய்தவர்கள் பட்டினியில் விழுந்தனர். நெசவாளர்கள் திரண்டு வரி வசூலிப்போரைத் தாக்கினர், சிலர் கொல்லப்பட்டனர், சுன் லோங் ஊரைவிட்டு ஓடினார். அரசு விசாரணை தொடங்கியதும், மற்றவர்கள் தண்டிக்கப்படாதிருக்கக் கெ செங் என்ற நெசவாளர் தாமே முன்வந்து பழியை ஏற்றார். பத்தாண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்து மீண்டார். பிற்காலத்தில் அநீதியை எதிர்த்துத் தலைகொடுத்த ஐந்து சூசோக்காரர்களின் கல்லறைக்குக் காவலாக இருந்தார். அவர்களுக்குப் பக்கத்திலேயே அவரும் அடக்கமானார்.

டிங்லிங்கின் துணிகளும் இந்தக் கிளர்ச்சியும் ஒரே ஆட்சியைச் சேர்ந்தவை. அந்த அங்கிகளின் அழகை இது குறைப்பதாக நான் கருதவில்லை. அழகை உண்டாக்கியவர்களைப் பற்றிய செய்தி இது, அங்கியின் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டிய செய்தி.

ஞாயிறு, ஹாங்சோ

மேற்கு ஏரிக்குத் தெற்கே, முசுக்கட்டை மரங்களும் குளங்களும் சூழ்ந்த வளாகத்தில் சீன தேசியப் பட்டு அருங்காட்சியகம் இருக்கிறது. 1992-இல் திறக்கப்பட்டு 2016-இல் விரிவாக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் இல்லை. நான் கண்ட அருங்காட்சியகங்களுள் துணிக்கு இவ்வளவு முழுமையான மரியாதை செய்வது இதுவே. பட்டுப்புழு வளர்ப்பு, நூல் எடுப்பு, சாயம், தறி, ஆடை, பழுதுபார்ப்பு என்று எதையும் விடாமல் காட்டுகிறார்கள். ஏரிக்கு வடக்கே ஹூசோ அருகே சியான்ஷான்யாங் என்ற இடத்தில் கிடைத்த, நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமையான பட்டுத் துணுக்குகள் இந்த நிலப்பகுதியின் தொன்மைக்குச் சான்று.

தறிக் கூடத்தில் உள்ள ஒரு மறு உருவாக்கம் தனியே சொல்லத்தக்கது. செங்டு நகரின் லாவ்குவான்ஷான் பகுதியில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய மேலை ஹான் காலக் கல்லறை ஒன்றிலிருந்து, வடிவம் நெய்யும் தறிகளின் நான்கு சிறு மாதிரிகளும் நெசவுத் தொழிலாளர்களின் மர உருவங்களும் 2010-களின் தொடக்கத்தில் கிடைத்தன. அந்த மாதிரியைப் பின்பற்றி முழு அளவுத் தறி செய்து, பாவு இழைகளை உயர்த்தும் 84 விழுதுச் சட்டங்களோடும் 10,470 பாவு இழைகளோடும், சின்ஜியாங் பாலைவனத்தின் நீயாவில் கிடைத்த புகழ்பெற்ற ஹான் காலப் பட்டுத் துணியை மீண்டும் நெய்திருக்கின்றனர்.

சாயங்களைப் பற்றிய பகுதியில், சியான்லாங் காலத்து அரண்மனைச் சாயப் பட்டறையின் கணக்கேடுகளைக் கொண்டு அக்கால நிறங்களை மீட்ட ஆய்வு விளக்கப்பட்டிருக்கிறது. எவ்வளவு எடைப் பட்டுக்கு எவ்வளவு சாயப்பொருள் என்று பட்டறைக்காரர்கள் எழுதி வைத்த கணக்கு அது. பேரரசரின் மஞ்சள் ஒரு மரத்தின் பூமொட்டுகளையும் படிகாரத்தையும் சேர்த்துக் காய்ச்சியதால் வந்தது, நீலம் அவுரியால். சிவப்பு வகைகள் சிலவற்றுக்குச் சப்பங்கி மரக்கட்டை பயன்பட்டது. தென்கிழக்காசியாவிலிருந்தும் இந்தியக் கரைகளிலிருந்தும் கப்பலில் வந்த இந்தக் கட்டை மிங் அரசின் கிடங்குகளில் குவிந்து, ஒரு காலத்தில் மிளகோடு சேர்த்து அதிகாரிகளுக்கு ஊதியமாகவே வழங்கப்பட்டது.

பழுதுபார்க்கும் கூடத்தைக் கண்ணாடி வழியே பார்க்கலாம். பழைய ஆடையொன்றின் கிழிந்த பகுதிக்கு அடியில், ஏறத்தாழ அதே நிறத்தில் சாயமிட்ட மெல்லிய பட்டுத் துணியை வைத்து, கண்ணுக்குப் புலப்படாத நூலால் ஒருவர் தைத்துக்கொண்டிருந்தார். புதுத் துணியைப் பழையது போலக் காட்ட முயல்வதில்லை, பழையது மேலும் உதிராமல் தாங்கிக்கொள்ள மட்டுமே செய்கின்றனர். பின்னால் வருபவர் வேண்டுமானால் அந்தத் தையலைப் பிரித்துவிடலாம். 1958-இல் டிங்லிங்கில் இந்த அறிவு இருந்திருக்கக் கூடாதா என்ற ஏக்கம் எனக்கு வந்தது.

இந்த வழியில் செல்ல விரும்புவோருக்கு என் யோசனை, ஹாங்சோவில் தொடங்கி வடக்கே போக வேண்டும் என்பதே. தறியையும் சாயத்தையும் கண்ட கண்ணோடு அரண்மனையின் மஞ்சள் அங்கிக்கு முன் நின்றால், அதில் காண்பது பல மடங்காகும். நான்ஜிங் தறிக் கூடத்துக்கு அரைநாளாவது ஒதுக்குங்கள். பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்துக்குக் கடவுச்சீட்டு எண்ணைக் கொடுத்து முன்பதிவு செய்துகொள்ள வேண்டும், திங்கட்கிழமைகளில் பொதுவாக அது மூடியிருக்கும்.